வாலில்லாத தோல்

பிரிஸ்டல்
9 ஏப்ரல் 1973

அன்புள்ள நெஸ்டா,

நான் நலம். நீயும் ஆடுகளும் எப்படி?

டிவி தொடரில் ஆர்தர் மன்னனாக நடிக்கிறேன் என்று பெயர்தான். கிரீடம் இல்லை, கோட்டை இல்லை. "நிஜத்துல எப்படி இருந்திருப்பானோ அப்படியே காட்டணும்" என்கிறார் இயக்குநர். தினமும் சேற்றில் நிற்கிறேன். தாடி வேறு அரிக்கிறது.

நாளை ஒரு காட்சி. குட்டியைப் பறிகொடுத்த ஆட்டிடம் தாயில்லாத குட்டி ஒன்றை ஆர்தர் சேர்த்துவைக்கிறான். தன் குட்டி என்று தாய் மோந்து நம்புவதற்காக, செத்த குட்டியின் தோலை உரித்து இதற்குப் போர்த்துகிற வேலைதான். "வேல்ஸ்காரனுக்கே பாடமா? எங்க வீட்டு வேலைய்யா இது!" என்று பெருமையடித்துவிட்டேன்.

மூன்று கடிதம் போட்டும் நீ பதில் எழுதவில்லை. எல்லாம் முடிந்ததும் நம் பண்ணைக்கே திரும்பி வந்துவிட நினைக்கிறேன். வரட்டுமா?

உன்
மெய்ரிக்


பென்லான் பண்ணை
8 அக்டோபர் 1973

மெய்ரிக்,

பதில் எழுத ஆறு மாதமாகிவிட்டது. என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

நேற்று பக்கத்துப் பண்ணை இவோர் வீட்டில் எல்லோரும் உன் தொடரைப் பார்த்தோம். நீ தோலைப் போர்த்தியதும் இவோர் நாற்காலியிலிருந்து குதித்துவிட்டார். "வாலைக் காணோமே! ஆடு முதல்ல வாலைத்தானேடா மோந்து பாக்கும்! பிரிட்டனையே காப்பாத்துறானாம், ஒரு வாலைக் காப்பாத்தத் தெரியல!" அறையே சிரித்தது. நானும்தான். நான் அப்படிச் சிரித்து வெகுநாளாகிறது.

பிரிஸ்டல் போய் இதையும் மறந்துவிட்டாயா? பரவாயில்லை, மறந்ததைத் திரும்பக் கற்றுக்கொள்ளலாம்.

இருபதாம் தேதி சனிக்கிழமை வா. ஸ்டேஷனுக்கு வண்டியோடு வருகிறேன்.

நெஸ்டா


பிரிஸ்டல்
11 அக்டோபர் 1973

என் அன்பான நெஸ்டா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். இருபதாம் தேதி நான்கு மணி ரயிலில் வருகிறேன்.

இவோரிடம் சொல், நான் எதையும் மறக்கவில்லை. வால் தொங்குவது அசிங்கமாக இருக்கிறதென்று இயக்குநர்தான் வெட்டச் சொன்னார். ஆடு சேர்க்காது என்று எனக்குத் தெரியும். எல்லோரும் காத்திருந்தார்கள், எதற்கு வம்பென்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆட்டைப் பிடித்து நிறுத்திப் படம் எடுத்தோம். அந்தக் குட்டியைக் கடைசிவரை அது சேர்க்கவில்லை. அது கிடக்கட்டும், படத்தில் நன்றாகத்தானே இருந்தது?

உன்
மெய்ரிக்


பென்லான் பண்ணை
15 அக்டோபர் 1973

மெய்ரிக்,

நீ மறந்திருந்தால் ஸ்டேஷனுக்கு வந்திருப்பேன்.

மூன்று வருடம் முன்பு "ஆடு குட்டி போடுறதுக்குள்ள வந்துடுவேன், நெஸ்" என்று சொல்லிக் கிளம்பினாய். அந்த வசந்தம் முழுக்கத் தனியாக நின்று நூற்றுப்பத்து ஆடுகளைப் பார்த்தேன். உன்னால் வர முடியவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வால் கதையைப் படித்ததும்தான் புரிகிறது, வரமாட்டாய் என்று அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கிறது. எதற்கு வம்பென்று பேசாமல் இருந்துவிட்டாய். வருத்தமாக இருக்கிறது, கோபம் இல்லை.

இருபதாம் தேதி வர வேண்டாம். அதற்குப் பிறகும் வேண்டாம்.

வால் விஷயத்தை இவோரிடம் சொல்லவில்லை. நீ மறந்துவிட்டதாகவே அவர் நினைத்துக்கொள்ளட்டும்.

உன் சவரப் பெட்டி அலமாரியிலேயே இருந்தது. பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

நெஸ்டா