பதினெட்டுக் கடல் மைலைக் கிலோமீட்டர் என்று எழுதியது குறித்து

அனுப்புநர்:
மு. செந்தமிழ்ச்செல்வி (வயது 37),
க/பெ. முருகையன்,
மீன் ஏலம் விடுபவர்,
தேங்காய்த்திட்டு, புதுச்சேரி.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
கரையோரப் படகு உதவி மையம்,
புதுச்சேரி.

பொருள்: 08.07.2025 அன்று கடலில் பழுதாகி நின்ற விசைப்படகு குறித்த அறிக்கையைத் திருத்தவும், அதன் ஓட்டுநர் மீதான தடையை நீக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். படகிலிருந்த ஆறு பேரும் உயிரோடு கரை சேர்ந்த மகிழ்ச்சியோடுதான் இம்மனுவை எழுதுகிறேன். ஆனாலும் தங்கள் அறிக்கையில் உள்ள ஒரு வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

1. அன்று காலை ஏழு மணிக்குப் படகின் ஓட்டுநரான என் கணவர் தங்கள் மையத்தை வயர்லெஸில் அழைத்தார். “தொறமுகத்துக்கு நேர் கெழக்க பதினெட்டு மைல்ல நிக்கிறோம், இஞ்சின் போயிடுச்சு” என்றார். அத்துடன் பேட்டரி தீர்ந்து தொடர்பு அறுந்தது. துறைமுகத்தில் வயர்லெஸ் வைத்திருந்த பலரும் இதைக் கேட்டோம்.

2. மையத்தின் படகு தேடிவிட்டு நண்பகலில் யாரையும் காணாமல் திரும்பியது. நான் மையத்துக்கு ஓடினேன். மேசையிலிருந்த செய்திப் படிவத்தில் ‘18 கி.மீ.’ என்று எழுதியிருந்தது.

3. ஐயா, கடலில் மைல் என்றால் கடல் மைல்தான். ஒன்றுக்கு 1,852 மீட்டர். கப்பலுக்கும் விமானத்துக்கும் அதே கணக்கு. என் கணவரின் ஜிபிஎஸ் கருவியில் இடங்களைப் பதிந்து கொடுப்பவள் நான். பதினெட்டு மைல் என்பது முப்பத்து மூன்று கிலோமீட்டருக்கும் மேல். இதைச் சொன்னபோது பணியிலிருந்தவர், “மைலோ கிலோமீட்டரோ, கடல்ல என்னம்மா கல்லா நட்டு வச்சிருக்கு?” என்றார். அங்கே நின்று அழ எனக்கு நேரமில்லை.

4. துறைமுகத்துக்குத் திரும்பிப் படகுக்காரர் பாரதியிடம் சொன்னேன். “நீ கருவியப் பாத்துச் சொல்லுக்கா, நான் ஓட்டுறேன்” என்றார். எங்கள் ஊரில் பெண்கள் படகேறுவதில்லை. ஏறினேன். மேலும் மூன்று படகுகள் பின்னால் வந்தன. திரையில் பதினைந்து, பதினாறு என்று ஏறிய எண்ணைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன். பதினெட்டில் கடல் வெறுமையாக இருந்தது. நீரோட்டம் வடக்கே இழுத்துக்கொண்டிருந்ததால் படகையும் வடக்கே திருப்பச் சொன்னேன். இரண்டு மைலுக்குள், பிற்பகல் 3.40 மணிக்கு, சட்டைகளைக் கழற்றி ஆட்டிக்கொண்டு நின்ற ஆறு பேரையும் கண்டோம்! என் கணவர் கேட்ட முதல் கேள்வி: “சொன்ன எடத்த ஒட்டித்தான நிக்கிறோம், ஏன் இவ்ளோ நேரம்?”

பழுதான படகை இழுத்துக்கொண்டு முகத்துவாரத்தில் நுழைந்தபோது வெடி போட்டு வரவேற்றார்கள். ஏலக்கூடத்துப் பெண்கள் என்னைத் தரையில் கால் வைக்கவிடவில்லை.

5. தங்கள் அறிக்கையோ, ‘ஓட்டுநர் தவறான தூரம் கூறியதால் தேடுதல் வீணானது’ என்கிறது. அதன்பேரில் அவர் ஒரு மாதம் படகு ஓட்டக் கூடாது என்றும் ஆணை வந்துள்ளது.

ஆகவே, அந்த வரியை நீக்கி, ‘கடல் மைல் என்பது கிலோமீட்டர் எனத் தவறாகப் பதியப்பட்டது’ என்று எழுதவும், தடையை விலக்கவும், படிவத்தில் தூரத்துக்கான கட்டத்தில் ‘கடல் மைல்’ என்றே அச்சிடவும் பணிந்து கோருகிறேன். படிவம் நிரப்பும் பணியாளர்களுக்கு இக்கணக்கைக் கற்றுத்தர ஆள் வேண்டுமெனில், ஏலம் முடிந்ததும் எந்நாளும் நானே வருகிறேன்.

இடம்: தேங்காய்த்திட்டு
நாள்: 21.07.2025

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
மு. செந்தமிழ்ச்செல்வி

இணைப்பு:
செய்திப் படிவத்தின் நகல்
ஜிபிஎஸ் திரையின் படம்
திரும்பி வந்த ஆறு பேரின் கையொப்பம்