பொற்றாமரைப் படியில் பேசாதது

கள்ளிக்குப்பம், அம்பத்தூர்
8.1.2025

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்பு மகள் பெனிஷாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தம்பி டேனியும் ஆண்டவர் அருளால் நலம். உனக்காகவும் மடத்துச் சகோதரிகள் எல்லோருக்காகவும் தினமும் செபமாலை சொல்கிறோம்.

ஒரு நல்ல செய்தி. மாதக் கடைசியில் சனி, ஞாயிறு நாங்கள் மதுரைக்கு வருகிறோம். உங்கள் மடத்துச் சிஸ்டர் ஞானகுமாரியிடம் போனில் கேட்டேன். சனிக்கிழமை முழுதும் உன்னை எங்களோடு வெளியே அனுப்புவார்களாம். நவதுறவுப் பயிற்சி முடியும்வரை உன் கையில் போன் கிடையாது. அதனால் எங்கெங்கே போகலாம் என்று நீயே கடிதத்தில் எழுதிவிடு. தமிழ் இலக்கியம் படித்தவள் நீ, சங்கம் வளர்த்த ஊரை உன்னைவிட யார் சுற்றிக்காட்டப் போகிறார்கள்? டேனி ஜிகர்தண்டாவைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

மே மாதம் நீ துறவு வாக்குக் கொடுக்கும் வார்த்தைப்பாட்டுக்கு அப்பா இப்போதே தயார். மூன்று வயதில் உனக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது, பிள்ளை பிழைத்தால் ஆண்டவருக்கே கொடுத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டதை அவர் அன்பியச் செபக் கூட்டத்தில் சொல்லாத வாரமில்லை. எங்கள் எல்லோருக்கும் பெருமைதான்.

நன்றாகச் சாப்பிடுகிறாயா? கிறிஸ்துமஸுக்கு சிஸ்டர் அனுப்பிய படத்தில் உன் கழுத்தெலும்பு தெரிகிறது. ஒன்றுமில்லை, சும்மாதான் கேட்டேன். எல்லாம் அவர் சித்தம்.

உன் அம்மா,
ராஜகுமாரி


மதுரை
15.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலமாகவும் மகிழ்ச்சியாகவும் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் பெருமைப்படுவது எனக்கு மிகுந்த ஊக்கம் தருகிறது.

காலையில் நாயக்கர் மகாலுக்குப் போவோம். பிறகு மீனாட்சி கோயிலில் பொற்றாமரைக் குளம். வரலாறுதானே, போய்விட்டு வா என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். அந்தக் குளத்தில்தான் சங்கப் பலகை மிதந்தது என்று கதை. புதிதாக ஒரு நூல் எழுதியவர் அதைப் பலகையில் வைக்க வேண்டும். தகுதி இருந்தால் பலகை ஏற்றுக்கொள்ளும், இல்லாவிட்டால் தண்ணீரில் தள்ளிவிடும். கல்லூரியில் படித்தபோது சிரித்தேன். இப்போது அடிக்கடி நினைவு வருகிறது. அப்பா கோயிலுக்குள் வருவாரா? குளத்தைப் பார்க்கத்தான் என்று சொல்லிப் பாருங்கள்.

உங்களிடம் நேரில் ஒன்று கேட்க வேண்டும். அவசரமில்லை. முறுக்கு கொண்டுவாருங்கள்.

அன்பு மகள்,
பெனிஷா


கள்ளிக்குப்பம்
27.1.2025

பெனி குட்டி,

இன்று காலைதான் எழும்பூரில் வந்து இறங்கினோம். குளிக்கக்கூட இல்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது, வழியட்டும்.

நேற்று திருப்பலி முடிந்து மடத்து வாசலில் நீ உள்ளே போன பிறகு சிஸ்டரிடம், “என் லெட்டர்ல எதுனா தப்பா எழுதியிருந்தா மனசுல வச்சிக்காதீங்க சிஸ்டர்” என்றேன். அவர் விழித்தார். “உங்க லெட்டரை நாங்க ஏம்மா பிரிக்கப்போறோம்? வந்த கவரோடதான் அவ கையில குடுக்கிறோம்” என்றார். என் அத்தை மடத்தில் இருந்த காலத்தில் பிரித்துப் பார்க்காமல் ஒரு கடிதமும் உள்ளே போகாது. இப்போதும் அப்படித்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, இத்தனை மாதமும் சிஸ்டருக்குப் பயந்து பயந்து எழுதினேன். பெருமை, சித்தம், செபமாலை எல்லாம் அவர் கண்ணுக்காக! அடிப்பாவி, நீ அதையெல்லாம் நிஜமென்று நம்பினாயா? வீட்டில் வா, போ என்று என்னிடம் மல்லுக்கு நிற்பவள் கடிதத்தில் ‘நீங்கள்’ என்று எழுதும்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

உன் அப்பாவைப் பற்றி என்ன சொல்ல? ஆட்டோக்காரர், மகாலில் டிக்கெட் கொடுத்தவர், ஜிகர்தண்டா கடைக்காரர், ஒருவர் பாக்கியில்லை. “நம்ம பொண்ணு சிஸ்டராவப் போவுதுபா!” ஒவ்வொரு தடவையும் நீ சிரித்தாய். உதடு மட்டும் சிரித்தது. பெற்றவளுக்குத் தெரியாதா?

கோயில் வாசலில் அவர், “நீங்க போய்ட்டு வாங்க, நான் செருப்பப் பாத்துக்கினு இங்கயே கீறேன்” என்று உட்கார்ந்துவிட்டார். உள்ளே டேனி, “அக்கா, உன்னத் தூக்கித் தண்ணில போட்டுப் பாக்கலாமா, மெதக்கிறியா இன்னான்னு?” என்று கிண்டல் செய்துவிட்டுத் தூண்களைப் பார்க்கப் போனான். படியில் நாம் இரண்டு பேர்தான். அப்போது கேட்டாயே, “பலகை ஏத்துக்கலன்னா அந்தப் புலவர் இன்னாம்மா பண்ணியிருப்பாரு?”

நான் என்ன சொன்னேன்? “முறுக்கு நமுத்துடப் போவுது, டப்பாவ இறுக்கி மூடு” என்றேன். வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். உனக்கு உண்மையிலேயே ஆண்டவரின் அழைப்பு இருந்து, நான் குறுக்கே விழுந்து கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம். நீ தலையை ஆட்டிக்கொண்டு டப்பாவை மூடினாய். வண்டியில் வரும்போது ராத்திரியெல்லாம் அந்த டப்பாதான் என் கண்ணில் நின்றது.

இப்போது பதில் சொல்கிறேன், கேள். வீட்டுக்குப் போயிருப்பார். வேறென்ன செய்வார்? அவர் வீட்டிலும் ஒருத்தி சோறு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நேர்ந்துகொண்டது உன் அப்பா. போனது நீ. இது என்ன நியாயம்? ஆண்டவர் உன்னைக் காப்பாற்றியது உன்னை இப்படி வாட விடுவதற்கா? உனக்கு அங்கே சந்தோஷம் என்றால் இரு, முதல் வரிசையில் உட்கார்ந்து நானே கைதட்டுகிறேன். இல்லையென்றால், உன்னிடம் கொடுத்த பையில் முறுக்கு டப்பாவுக்கு அடியில் பழைய துண்டில் சுற்றி ஒரு சுடிதார் வைத்திருக்கிறேன். நான் தைத்ததுதான். பழைய அளவை வைத்துத் தைத்தேன். இத்தனை இளைத்திருப்பாய் என்று தெரியாது.

எது மனசில் இருக்கிறதோ அதை எழுது. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா


மதுரை
3.2.2025

அம்மா,

உன் கடிதத்தைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். அழுதேன், பிறகு சிரித்தேன். நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று நீ. நல்ல குடும்பம் நாம்.

இங்கே யாரும் என்னைக் கஷ்டப்படுத்தவில்லை, அம்மா. எல்லோரும் தங்கம். ஆனால் செபத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கேட்பதெல்லாம் அப்பாவின் குரல்தான். நேற்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. “மே மாசத்துக்கு முன்னாடியே சொன்னியே, அதுவே போதும்” என்றார்.

ஞாயிறு ராத்திரி வண்டிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். சுடிதார் தோளில் தொளதொள என்று நிற்கிறது. வந்ததும் பிடித்துக் கொடு.

அப்பாவிடம் நீ எதுவும் சொல்லாதே. நான்தான் சொல்ல வேண்டும். அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்து இந்த வரியை மூன்று தடவை அடித்து எழுதினேன். ஆனாலும் திங்கட்கிழமை காலை எழும்பூருக்கு அவரை மட்டும் அனுப்பு. நீ வராதே. நீ வந்தால் உன் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

நீ வீட்டில் சோறு வைத்துக்கொண்டு உட்கார்ந்திரு. பலகை தள்ளிவிட்ட புலவர் பசியோடு வருகிறார்.

பெனி