நான்காவது மாடியில் ஆய்வகம்

மே 6

இன்றும் மூன்று கல்லூரிகளின் இணையப் பக்கங்களைப் பார்த்து முடித்தேன். எல்லாவற்றிலும் ஒரே படம். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் சோதனைக் குழாயைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? நான் படிக்க நினைக்கிற நரம்பறிவியல் பாடத்தை யார் நடத்துகிறார்கள், அவர்கள் என்ன ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று ஒரு வரி கிடையாது.

அம்மா துணி மடித்துக்கொண்டே, "பக்கத்துக் காலேஜ்ல கணக்குப் படிப்பு இருக்கே, நடந்தே போயிட்டு வந்துடலாம்" என்றாள். "நடக்கறதுக்காகவா படிக்கிறேன்?" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அம்மா. ஆனாலும் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

மே 9

காலையில் அக்காவுக்கு வலிப்பு. பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். தலைக்குக் கீழே துண்டை வைத்து ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தெளிந்ததும் முதலில் பிரஷ்ஷைத்தான் தேடினாள்.

மருந்து இருக்கிறது, நல்ல மருத்துவர் இருக்கிறார். ஆனால் அந்த நேரத்தில் மூளைக்குள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் எல்லாரும், "கரண்ட் கோளாறு மாதிரி" என்கிறார்கள். மாதிரி! பத்து வயதிலிருந்து இந்த 'மாதிரி'யைத்தான் கேட்கிறேன். எனக்கு மாதிரி வேண்டாம். இந்த வருடம் சேர்ந்தே தீருவேன்.

மே 17

அப்பாவோடு, எல்லாரும் 'கண்ணாடிக் கல்லூரி' என்று சொல்கிற கல்லூரிக்குப் போனேன். பேருக்கேற்றபடி எல்லாமே கண்ணாடி. ஆய்வகத்தையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிறுத்தித்தான் காட்டினார்கள். நுண்ணோக்கிகளுக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அப்பாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்டைத்தான் முதலில் நலம் விசாரிப்பார். "மோட்டார் சத்தமே இல்ல, அருமை" என்றார்.

வீட்டுக்கு வந்து கட்டணத் தாளை அக்காவிடம் காட்டினேன். "இது காலேஜ் ஃபீஸா, காலேஜோட விலையா?" என்றாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் கொஞ்சம் அழுகையும் வந்தது.

மே 24

இன்று ஒரு பழைய கல்லூரி. பேருந்தில் பாதி நாள் பயணம், சுவரெல்லாம் காரை பெயர்ந்து கிடக்கிறது. ஆனால் கட்டணம் நமக்குக் கட்டுப்படியாகும். பாடத்திட்டத்தை இரண்டு முறை படித்தேன். முதல் வருடத்திலிருந்தே செய்முறை! ஆய்வகம் நான்காவது மாடியில். சனிக்கிழமை என்பதால் பூட்டியிருந்தது.

இறங்கும்போது அப்பா லிஃப்ட் பட்டன்களைத் தடவிப் பார்த்தார். "மத்ததெல்லாம் தேஞ்சு நம்பரே தெரியல. நாலு மட்டும் புத்தம் புதுசா இருக்கு. அங்க ஒரு ஆளும் போறதில்லம்மா. லிஃப்ட் பொய் சொல்லாது."

எந்த மாடியில் குடித்தனம் காலியாகிவிட்டது என்று பட்டனைப் பார்த்தே சொல்கிறவர் அவர். நம்பினேன். அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

ஜூன் 2

இன்னொரு கல்லூரி. யார் பாடம் எடுப்பார்கள் என்று கேட்டேன். "நீங்க சேருங்க, ஆள் போட்டுடுவோம்" என்றார்கள். நல்ல கதை!

ஜூன் 8

கணக்குப் படிப்பு விண்ணப்பத்தை அம்மா மேசையில் வைத்திருக்கிறாள். பேனாவையும் பக்கத்தில் வைத்திருக்கிறாள். என் பெயரை மட்டும் எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை.

ஜூன் 11

ஒரு பட்டனை நம்பியா ஒரு கல்லூரியை விட்டேன்? காலையில் இதுதான் குடைந்தது. பழைய கல்லூரியின் துறைக்கே போன் போட்டேன். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி எடுத்தாள். வேறெதுவும் வாயில் வராமல், "நாலாவது மாடிக்கு யாராவது வர்றாங்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"வராம? நாங்க அழுத்தின அழுத்துல பட்டனே உள்ள போயிடுச்சுப்பா! லிஃப்ட் இல்லாம படியேறி செத்தோம். போன மாசம்தான் புது பட்டன் போட்டாங்க. நீ ஏன் கேக்கற?"

ஏன் கேட்கிறேன்! விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமைதான் கடைசி, நேரில் வா என்றாள்.

சாயங்காலம் அப்பா உள்ளே நுழைந்ததும் கத்தினேன். "லிஃப்ட் பொய் சொல்லலப்பா. அந்த நாலாம் பட்டன் தேஞ்சு போய் மாத்தினது. நீங்கதான் பாதி கேட்டுட்டு வந்துட்டீங்க!" அவர் டூல் பையைக்கூட இறக்கவில்லை. "தேஞ்சா மாத்துவாங்க. நானே எத்தன மாத்தியிருக்கேன்... எனக்கே தோணலயே" என்றார். கோபம் அப்படியே இறங்கிவிட்டது. நான் மட்டும் என்ன? கதவைத் தட்டிக் கேட்டேனா?

ஜூன் 13

அப்பா இன்று லிஃப்ட் பக்கமே திரும்பவில்லை. "நான் எதையும் பாக்கல, எதையும் சொல்லல" என்று நான்கு மாடியும் படியேறி வந்தார். மேலே வந்து மூச்சு வாங்க நின்றவருக்கு யாரோ நாற்காலி போட்டார்கள்.

ஆய்வகத்தில் நிற்க இடமில்லை. ஓட்டை மேசை, ஒட்டுப்போட்ட கம்பிகள், ஆனால் ஒவ்வொரு மேசையிலும் ஒரு கூட்டம். துறைத் தலைவி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துக் கேட்டார்: "எதுக்கு இந்தப் படிப்பு?" அக்காவைப் பற்றிச் சொன்னேன். "மருந்து கண்டுபிடிக்கப் போறியா?"

"முதல்ல என்ன நடக்குதுன்னு தெரியணும் மேடம்."

"மூணு வருஷமும் பூச்சியும் தவளையும்தான். மனுஷ மூளைய நீ தொடக்கூட மாட்டே. பரவால்லயா?"

"பரவால்ல" என்றேன். நிரப்பிய விண்ணப்பத்தை நீட்டினேன்.

ஜூன் 27

இடம் கிடைத்துவிட்டது! பட்டியலில் கடைசிக்கு முந்தின பெயர். எனக்குக் கீழேயும் ஒருத்தர் இருக்கிறார், அது போதும். கணக்கு விண்ணப்பத்தை அம்மா இன்னும் தூக்கிப் போடவில்லை. பீரோவுக்குள் வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 14, விடுதி

இன்று முதல் செய்முறை. பனிக்கட்டியில் வைத்து மயக்கிய கரப்பான் பூச்சி, அதன் ஒரு கால், அந்தக் காலில் குத்திய இரண்டு ஊசிகள், அவற்றோடு இணைத்த ஒரு ஒலிபெருக்கி. காலிலுள்ள முடியைத் தூரிகையால் தொட்டதும் படபடவென்று பொரிகிற மாதிரி சத்தம். மாதிரி இல்லை. நரம்பின் சத்தமே அதுதான். மறுபடி மறுபடி தொட்டுக் கேட்டேன்.

பதிவு செய்துகொண்டு வந்து அக்காவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் அவள் கேட்டாள்:

"எனக்குள்ளயும் இதானா?"

"இதேதான்க்கா. உனக்குச் சில நேரம் எல்லாம் சேர்ந்து ஒண்ணா கத்துது."

"ஏன் கத்துது?"

"அத இன்னும் படிக்கல."

"சரி, படிச்சுட்டுச் சொல்லு" என்றாள். "இப்ப அத இன்னொரு தடவ போடு."