அட்டையில் போட்ட ஊசி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், என் வீட்டுக்காரர், நம் குட்டி வாலு மூவரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்டுவிட்டு உன் வயிற்றைக் காயப்போடுகிறாயா? போனில் கேட்டால் ஒரே வார்த்தையில் மழுப்பிவிடுவாய். தவிர, இங்கே போனில் எதுவும் மனம்விட்டுப் பேச முடியாது. ஒரே அறையைப் பலகையால் தடுத்து, அந்தப் பக்கம் எங்களைப் போலவே வந்த ஒரு டிரைவர் அண்ணன் குடும்பம். நான் இங்கே முணுமுணுத்தால் அவர் மனைவி அங்கிருந்து பதில் சொல்கிறாள்.

என் வீட்டுக்காரருக்குச் சீருடை தைக்கும் இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. எனக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கும் வேலை. வீடு, பள்ளிக்கூடம், வைத்தியம் என்று எதற்கு மனுப் போட்டாலும், வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைக் காட்டியாக வேண்டும். நேற்று வரிசையில் நின்றோம். அட்டை இல்லாத பிள்ளைகளை அங்கேயே உட்கார வைத்து ஊசி போட்டார்கள். டிரைவர் அண்ணனின் இரண்டு பயல்களும் போட்ட கூச்சலில் காது அடைத்துவிட்டது. நம் வாலு மட்டும் நீ எழுதிக் கொடுத்த அட்டையைப் பிடித்துக்கொண்டு மகாராணி மாதிரி நடந்தாள். கவுண்டரில் இருந்தவர் கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்து முத்திரை குத்தினார். உன் கையெழுத்துக்கு ஒரு முத்தம்.

உன் சின்னவள்

மார்ச் 19

அன்புச் சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டம்மைக்கான அந்த இரண்டு கட்டங்களும் பொய் என்பது உனக்கு மறந்தே போய்விட்டதா? முதல் தடவை சளி என்று ஊசி போடவிடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். கிளம்புகிற வாரம் அவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்ததால் அப்போதும் போட முடியவில்லை. அட்டை குறையாக இருந்தால் பயணம் தள்ளிப்போகும் என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். பதினெட்டு வருட வேலையில், போடாத ஊசியைப் போட்டதாக நான் எழுதியது உன் ஒருத்திக்காகத்தான். போன கையோடு போட்டுவிடுவேன் என்று வாலு தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாயே.

ஊசி கையெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது, நீ மகாராணிக் கதை எழுதுகிறாய். நாளைக்கே போய்ச் சொல். திட்டினால் வாங்கிக்கொள். என்னைக் காட்டிக்கொடுத்தாலும் பரவாயில்லை.

அக்கா

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. அவரிடம் மெல்லப் பேச்செடுத்தேன், எரிந்து விழுந்தார். "இந்த ஊர்ப் பிள்ளைங்ககிட்ட யாராவது அட்டை கேக்குறாங்களா? நாம மட்டும் என்ன, நோயை மூட்டை கட்டிக்கிட்டா வந்தோம்?" என்றார். ஊசி நல்லதுதானே, யார் கேட்டால் என்ன என்று பலகைக்கு அந்தப் பக்கமிருந்து டிரைவர் அண்ணன் சொல்ல, ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாக்குவாதம். பத்திரிகைகளிலும் இதே சண்டைதானாம்.

அவர் சொல்வதில் பாதி நியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் என் பயம் வேறு. ஒரு தாள் பொய் என்று ஒப்புக்கொண்டால் எல்லாத் தாளையும் கிளறுவார்கள். வீட்டுச் சாவி அடுத்த மாதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சாவி கைக்கு வந்த மறுநாளே, அட்டை தொலைந்துவிட்டது என்று சொல்லியாவது ஊசி போட்டுவிடுகிறேன். ஒரு மாதம்தானே அக்கா.

உன் சின்னவள்

ஏப்ரல் 27

சின்னவளே,

உங்களிடம் மட்டும் அட்டை கேட்பது எனக்கும் பிடிக்கவில்லை. அந்தச் சண்டையை உன் வீட்டுக்காரர் எவ்வளவு வேண்டுமானாலும் போடட்டும், நானும் சேர்ந்துகொள்கிறேன். முதலில் பிள்ளைக்கு ஊசி போடுங்கள். சாவிக்காகக் காத்திருக்காதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

ஜூன் 2

அக்கா,

சாவி வருவதற்கு முன்பே வாலுவுக்குத் தட்டம்மை வந்தது. பதினாறு நாள் மருத்துவமனையில் கிடந்தாள், நான் மடித்து அனுப்புகிற விரிப்பிலேயே. காய்ச்சல் மூளைவரை போய்விட்டது. உயிர் தங்கிவிட்டது. இரண்டு காதும் போய்விட்டன. "அம்மா" என்று கூப்பிடுகிறாள். "இதோ இருக்கேன்டி" என்கிறேன். மறுபடியும் கூப்பிடுகிறாள்.

டிரைவர் அண்ணனின் பயல்கள் அவளோடு ஒரே பாயில் உருண்டவர்கள். அவர்கள் உடம்பில் ஒரு பொட்டுகூட இல்லை. அட்டை இல்லாமல் வந்த பிள்ளைகள் எல்லாம் தப்பித்துவிட்டன.

உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். நான் அழுதால் நீ ஏன் எழுதிக் கொடுத்தாய்? ஓங்கி ஓர் அறை விட்டு அனுப்பியிருக்கக் கூடாதா? இப்படிக் கேட்க எனக்கு வாயில்லை என்று தெரியும். சத்தியம் செய்தவள் நான்தானே.

ஆபரேஷன் செய்து உள்ளே கருவி வைத்தால் கேட்குமாம், அரசாங்கமே செய்து தருமாம். ஆனால் ஊசி போட்ட பிள்ளைக்கு எப்படி வந்தது என்று அட்டையை விசாரிக்கிறார்கள். பெற்றவர்கள் தெரிந்தே பொய் அட்டை கொடுத்திருந்தால் எல்லா உதவியும் ரத்து, திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீ வேலை செய்யும் இடத்துக்கும் கேட்டு எழுதுவார்களாம். நான் என்ன செய்வேன் அக்கா?

சின்னவள்

ஜூன் 17

சின்னவளுக்கு,

அவர்கள் கடிதம் வந்தது. பதிலும் அனுப்பிவிட்டேன். பெற்றோர் இரண்டு தடவையும் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள், மருந்து கைவசம் இல்லாததை மறைக்க நான்தான் வெறும் தண்ணீரைப் போட்டுவிட்டு அட்டையில் எழுதினேன், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேலை போய்விடும். வழக்கும் வரலாம். தெரிந்துதான் செய்தேன். பொய்யாக எழுதிய கை என்னுடையதுதான், அதில் மாற்றமில்லை.

நீயும் இதையே சொல்ல வேண்டும். உன் வீட்டுக்காரருக்கும் சொல்லி வை. எனக்கு ஒரே ஒரு கடிதம் எழுது, ஏமாற்றப்பட்ட ஒரு தாய் எழுதுவது போல. நகலை அவர்களிடம் கொடு. அதன்பிறகு கடிதமும் வேண்டாம், போனும் வேண்டாம். நாம் பேசிக்கொள்கிறோம் என்று தெரிந்தால் பிள்ளைக்கு ஆபரேஷன் நடக்காது. என் கடிதங்களையெல்லாம் எரித்துவிடு. சின்ன வயதில் நீ பொய் சொன்னால் அரை நிமிடத்தில் மாட்டிக்கொள்வாய். இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் சொல், என் செல்லமே.

அக்கா

ஜூலை 3

தடுப்பூசிச் செவிலியர் அவர்களுக்கு,

எங்கள் மகளுக்குத் தட்டம்மை ஊசி போடாமலேயே போட்டதாக எழுதி எங்களை ஏமாற்றியிருக்கிறீர்கள். உடன்பிறந்தவர் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு உங்களை நம்பினோம். உங்கள் ஒப்புதல் கடிதத்தை அதிகாரிகள் எங்களிடம் காட்டினார்கள். இனி உங்களுக்கும் எங்களுக்கும் எந்த உறவும் இல்லை. எங்களுக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

எங்கள் மகளுக்கு வருகிற புதன்கிழமை ஆபரேஷன் நடக்கிறது. அவளுக்குக் கேட்கத் தொடங்கிய பிறகும், பெரியம்மா என்று ஒருத்தி இருந்ததை நாங்கள் அவள் காதில் போட மாட்டோம்.

இப்படிக்கு,
குழந்தையின் தாய்