தானாக நிற்கும் தோல் கவர்

கராச்சர்மா,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

அன்புள்ள பவானிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம் என்றுதான் முதல் வரி எழுத வேண்டும், எழுதியும் விட்டேன், ஆனால் அதில் எவ்வளவு நிஜம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. நீ புனேயில் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று முருகனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். பட்டன் போன் கையில் இருக்க அம்மா எதற்குக் காகிதம் தேடினாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ மீதியைக் கேட்காமல் உடனே அப்பாவைக் கூப்பிட்டுக் கத்துவாய், அவர் போனை வைத்துவிட்டு என்னைக் கத்துவார். கடிதம் என்றால் நீ படித்துவிட்டு ஒரு நாளாவது சும்மா இருப்பாய். உறையின் மேல் ஸ்ரீ விஜய புரம் என்று புதுப் பெயர் எழுதியிருக்கிறேன், யாரோ என்று ஓரமாகப் போட்டுவிடாதே, போர்ட் பிளேயர் அம்மாதான்.

இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை. கப்பல் தாமதமானதால் தக்காளியும் வெங்காயமும் கண்ணில் படவில்லை, நாலு நாளாகப் புளிக்குழம்பும் கருவாடும்தான். கீழ் வீட்டு ஒச்சம்மா அக்கா உன்னை விசாரித்தார், நீ எடை குறைந்துவிட்டதாக அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், யார் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். தீபாவளியன்று நீ பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதும் ஒரு செய்திதான். "அப்பாவுக்கு என் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கலன்னா நேரா சொல்லிடச் சொல்லும்மா, அப்புறம் நான் எதுக்குப் பொங்கலுக்கு வரணும்" என்று கேட்டாய், போட்டிருந்த டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டேன் என்றாய். மே மாதம் வீடியோவில் பேசும்போது, இன்னும் மூன்று வருஷம் புனேயில்தான், இங்கே செக்ரடேரியட் பரீட்சை எழுத வரப்போவதில்லை என்று நீ அப்பாவிடம் சொன்னாய். அதற்குப் பிறகு அவர் ஒரு தடவைகூட வீடியோவில் வரவில்லை. நீ கூப்பிட்டால் எடுக்க மாட்டார், எடுத்தாலும் சும்மா குரல்தான், நாலு வார்த்தைதான். ஆகவே கோபம் என்று நீ கணக்குப் போட்டாய். உன்னைக் குறை சொல்ல மாட்டேன், கூடவே இருக்கிற நானும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று போன வாரம் அபர்டீன் பஜாரில் ஒரு மொபைல் கடையில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

நீ அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த போன் இந்த ஆறேழு மாதத்தில் பல தடவை கீழே விழுந்துவிட்டது. குளியலறை வாசலில் ஒரு தடவை, பஸ்ஸில் ஒரு தடவை, மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது, உன்னிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. ஒரு கவர் வாங்கிப் போடுங்கள் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். போன வாரம் அவராகவே கிளம்பினார், அதுவும் தோல் கவர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஊரில் தோல் சாமான் ஆகாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தானே. மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வருகிற ஆபீசர்கள் தோல் பெல்ட்டும் தோல் பையுமாக இவர் ஓட்டிய ஃபெர்ரியில் ஏறினால், ஒரு மழை போகட்டும், பையில் கீரை அறுக்கலாம் என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார். நீ போன தடவை விட்டுப்போன பழுப்புக் கைப்பைகூட பீரோவுக்குள் பச்சைப் பச்சையாகப் பூசணம் பூத்துத்தான் கிடக்கிறது. ஒச்சம்மா அக்கா வேறு, "தடியா ரப்பர்ல ஒண்ணு வாங்கி மாட்டிவிடுப்பா, மாடியில இருந்து போட்டாலும் ஒடையாது" என்று அவரிடமே சொன்னார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தோல் கவர் வாங்கத்தான் பஸ் ஏறினார்.

முதலில் ஜங்லிகாட்டில் இறங்கி ஒரு கடையில் பார்த்தோம், அங்கே ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான், அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பிறகு பஜாருக்குப் போனோம். அங்கே ஒரு பெங்காலிக்காரர் கடையில் புத்தகம் மாதிரித் திறந்து மூடுகிற தோல் கவர் விதவிதமாக இருந்தது. கடைக்காரர் நல்ல மனுஷன், வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று, "தாதா, லெதர் மத் லோ, பாரிஷ் மே கராப் ஹோ ஜாயேகா" என்று அவரே சொன்னார், மழையில் வீணாகிவிடும், வேண்டாம் என்று. அப்பா கேட்கவில்லை. "அது என் பாடு. கடா ரஹேகா க்யா, அத மட்டும் சொல்லு" என்று பாதித் தமிழும் பாதி ஹிந்தியுமாக, நிற்குமா என்று ஒரே கேள்விதான் திரும்பத் திரும்பக் கேட்டார். பளபளவென்று இருந்ததை வழுக்கும் என்று தள்ளினார். கார்டு வைக்க அறை அறையாக இருந்ததை, என்கிட்ட என்ன கார்டு இருக்கு என்று தள்ளினார். ஒன்று மெல்லிசுத் தோல், மடக்கி நிறுத்தினால் பொத்தென்று படுத்துவிட்டது. இன்னொன்று நின்றது, ஆனால் போன் அண்ணாந்து பார்த்தது, அதில் கடையின் மின்விசிறிதான் தெரிந்தது. ஒவ்வொன்றையும் கண்ணாடி மேஜை மேல் நிறுத்துவார், காமெராவைப் போடச் சொல்வார், ஓரடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு தன் முகம் சரியாக வருகிறதா என்று பார்ப்பார். நான் குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, புது மாப்பிள்ளைகூட இவ்வளவு பார்க்க மாட்டான் என்று கேலி செய்தேன்.

கடைசியில் கறுப்பில் ஒன்று கிடைத்தது. கெட்டித் தோல், மினுமினுப்பில்லை, பின்பக்கம் மடக்கினால் அசையாமல் நின்றது. அவருக்குப் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. போனை நானே மாட்டுகிறேன் என்று அவர் கையில் வாங்கினார். இடது கையில் போனையும் கவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வலது கையை மேஜை மேல் ஊன்றினார். அப்போது அவர் விரலில் இருக்கிற மோதிரம் அந்தக் கண்ணாடியில் டக்டக்கென்று அடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. அவர் கையைப் பார்த்தார், நான் கையைப் பார்த்தேன். அவர் கையை எடுத்துச் சட்டென்று பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். கடைக்காரர் திரும்பிப் பின்னால் தொங்குகிற சார்ஜர்களை ஒழுங்குபடுத்துகிறவர் போல நின்றார், பிறகு அவரே போனை வாங்கி மாட்டிக் கொடுத்தார். அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். கொஞ்ச நாளாக அவர் டீயைப் பாதி டம்ளர்தான் கேட்கிறார், சர்க்கரைக்குப் பயந்து குறைக்கிறார் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். முகச்சவரத்துக்கு சலூனுக்குப் போகிறார், ரிட்டையர் ஆனதும் துரைக்குச் சொகுசு வந்துவிட்டது என்று கேலி செய்தேன். கையெழுத்துப் போட பாங்கிக்கு வரச் சொன்னால் நாளைக்கு நாளைக்கு என்கிறார். பிறகுதான் அந்த மே மாதத்துப் பேச்சு ஞாபகம் வந்தது. நீ புனே விஷயம் சொல்வதற்கு முன்னால், "என்னப்பா, ரிட்டையர் ஆகியும் போட்லயே உக்காந்து பேசுறீங்களா, படம் இந்த ஆட்டம் ஆடுது" என்று சிரித்தாய். அவரும் சிரித்தார், நானும் பக்கத்திலிருந்து சிரித்தேன். உனக்கு அது மறந்தே போயிருக்கும், மறக்கக்கூடிய பேச்சுதான். அன்று பேசியதில் நீ பெரிய விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டாய், அவர் இந்தச் சின்னதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தன் கையால் போனைப் பிடித்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் வீடியோவை எடுக்காமல் இருந்திருக்கிறார், பாவி மனுஷன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன.

அன்றைக்குச் சாயங்காலம் நேராகவே கேட்டேன், கை எத்தனை நாளாக இப்படி என்று. "எனக்கென்னடி கை, மழைக் குளிருல அப்படித்தான் இருக்கும்" என்றார். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் டம்ளர் நிறைய டீயை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார், எடுக்கவில்லை. அப்புறம்தான் பேசினார். "எங்கப்பா ஃபெர்ரி ஓட்டினா டம்ளர்ல இருக்க தண்ணிகூடச் சிந்தாதுன்னு பள்ளிக்கூடம் பூரா சொல்லிட்டுத் திரிஞ்ச புள்ளடி அவ. அவகிட்ட என்னத்தக் காட்டச் சொல்ற. அவ தமாசுக்குத்தான் சொன்னா, எனக்குத் தெரியாதா. அவ மேல எனக்கென்ன கோவம், அங்க நல்லா இருக்கட்டும்." சாத்தம் ஜெட்டிக்கும் பாம்பூபிளாட்டுக்கும் நடுவில் இத்தனை வருஷம் சுக்கான் பிடித்தவர் டீயைப் பார்த்துக்கொண்டு இதைச் சொன்னபோது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். பவானிகிட்ட மூச்சு விடாதே என்று பின்னாலிருந்து சொன்னார். ம் என்றேன். ம் என்றால் சத்தியம் இல்லை.

சனிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அம்மா சின்ன வயசுதான், பொறுமையாகப் பார்த்தார், நடக்கச் சொன்னார், காகிதத்தில் வட்டம் போடச் சொன்னார். நரம்பு சம்பந்தப்பட்டது போல இருக்கிறது, பயப்பட வேண்டாம், மாத்திரை இருக்கிறது, ஆனால் சென்னையில் நரம்பு டாக்டரிடம் ஒருதடவை காட்டிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் இவர் பொங்கல் போகட்டும் என்றார். எந்தப் பொங்கல் என்று நான் கேட்கவில்லை. சென்னைக்குப் போனால் உனக்குத் தெரிந்துவிடும், அதுதான் அவருக்குப் பயம். இந்த நாலு நாளாக நானும் யோசித்துப் பார்க்கிறேன், அவர் மறைக்கிறதை நான் உடைப்பது சரிதானா என்று. போனுக்குக் கவர் போடுவது விழுந்தால் உடையக் கூடாது என்று. அவரும் அப்படித்தான் தன்னை மூடிக்கொள்கிறார், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதற்குள்ளேயே இருந்து நீயும் அவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போய்விட்டால், அப்புறம் அந்தப் போன் உடைந்தால்தான் என்ன உடையாவிட்டால்தான் என்ன. அதனால்தான் எழுதிவிட்டேன், திட்டு வாங்கினால் வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கேள். பொங்கலுக்கு டிக்கெட்டைத் திரும்பப் போடு. திரும்பிப் போகும்போது அவரையும் சென்னை வரை கூட்டிக்கொண்டு போ, உனக்கு இரண்டு நாள் லீவு கூட வேண்டும் என்று இப்போதே ஆபீசில் சொல்லி வை. நீ கூப்பிட்டால் வருவார், நான் கூப்பிட்டால் வரமாட்டார். வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொள், ஏன் சொல்லவில்லை என்று சண்டை போடு, அழு, என்ன வேண்டுமானாலும் செய். அதுவரைக்கும் உனக்கு ஒன்றும் தெரியாது. கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோவில் கூப்பிடு. அந்தக் கவர் வாங்கிய நாளிலிருந்து தினமும் சாப்பாட்டு மேஜையில் போனை நிறுத்திவைத்துப் பார்க்கிறார். துணிக்குப் பூசணம் வராமல் பீரோவுக்குள் ஒரு பல்பு எரிய விடுவோமே, ராத்திரி அதற்குப் பக்கத்தில் கவரோடு போனை வைக்கிறார், காலையில் காய்ந்த துணியால் துடைக்கிறார். சாயங்காலமானால் சட்டை மாற்றி, தலை சீவி, இரண்டு கையையும் மேஜைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவராகக் கூப்பிட மாட்டார், நீயும் கோபத்தில் கூப்பிடுவதில்லை. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. பேசும்போது படம் இன்று ஆடவில்லையே என்று ஆச்சரியப்பட்டு வைக்காதே. கவர் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லாதே, கவர் உனக்குத் தெரியாது. புனே வேலை பற்றி அவரே கேட்பார், கேட்க நிறைய வைத்திருக்கிறார், நிதானமாகச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி வேலை முடிந்து தனியாக ஆட்டோவில் வராதே, கூட யாரையாவது சேர்த்துக்கொள். தலைக்கு எண்ணெய் வை. நீ எங்கே இருந்தாலும் குறைவில்லாமல் இருக்க வேண்டும், உன் கையால் தொட்டதெல்லாம் நல்லபடி நடக்க வேண்டும், அந்த முருகன் உனக்குத் துணையிருப்பான்.

கடைசியாக ஒன்று, இதை மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதும் பச்சைப் பொத்தானை நான் அழுத்திவிட்டு, உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விடுவேன், நீங்கள் இருவரும் பேசுங்கள். பேசி முடித்ததும் போனை நீயே வைத்துவிடு. அவர் வைக்கட்டும் என்று காத்திருக்காதே. சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டுமானால் அவர் கையை மேலே எடுக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மீனா