காக்காவுக்குப் பிறகுதான் ரஸ்க்

திங்கள், ஜூன் 9

காலையிலேயே சுள்ளென்று வெயில். கொடியில் துணி காய்வதற்குள் நான் காய்ந்துவிட்டேன்.

வேலை கிடைத்துவிட்டது. காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், காருக்குப் போகும் ஒயர்களைச் சேர்த்து டேப் சுற்றும் கம்பெனி. அடுத்த திங்கள் சேர வேண்டும். மேடம் கேட்டதற்கெல்லாம் தலையைத்தான் ஆட்டினேன். வேலை இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். "வாயாட்றவங்க இங்க நெறைய பேர் கீறாங்க, நீ வாம்மா" என்றார்.

சந்தோஷமாகத் திரும்பினால் மாடி வீட்டு ஓனர் அம்மா படியில். நான் போயிருந்த நேரம் முழுக்க எங்கள் நாய் ரஸ்க் ஊளையாம். அவர்கள் வீட்டில் பேரக்குழந்தை, கண்ணே மூடவில்லையாம். "ஒரு நாளைக்கே இப்டின்னா, தெனம் நீ வேலைக்குப் போனா இன்னா பண்றது?" ரஸ்க் அவர் கால் விரலை முகர்ந்து வாலாட்டிக்கொண்டிருந்தான்.

மதியம் வழக்கம்போல. மதில்மேல் காக்காவுக்குச் சோறு, அப்புறம் ரஸ்க், அப்புறம் நான். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு.

சாயங்காலம் அப்பா லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து தீர்ப்பு சொன்னார். நாய்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடங்கள் இப்போது இருக்கின்றனவாம், பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்றும் அமையாவிட்டால் ரஸ்க் திருப்பாச்சூரில் சித்தி வீட்டுக்கு, நிரந்தரமாக. அம்மா விடியற்காலை ரயிலுக்குத் திருவள்ளூர் மெஸ்ஸுக்குப் போகிறவள், பகலில் வீட்டில் இருந்தால்தானே.

பத்தாவதோடு நான் நின்றதிலிருந்து பகலில் எனக்கு ரஸ்க், ரஸ்க்குக்கு நான்.

வேலையும் வேண்டும். ரஸ்க்கும் வேண்டும்.

செவ்வாய், ஜூன் 10

மேகமூட்டம், மழை இல்லை. தேங்காய் எண்ணெய் தீர்ந்தது.

முதல் இடம், ஹைரோடு மேலேயே. கண்ணாடிக் கதவு, ஏ.சி., சுவரில் எலும்பு மாதிரி கடிகாரம், தரையில் பச்சை பிளாஸ்டிக் புல். நாய் என்ன செய்கிறது என்று நாம் போனிலேயே பார்க்கலாமாம். எனக்குப் பிடித்துவிட்டது. சீருடை போட்ட அண்ணன் ரஸ்க்கைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னா ப்ரீடு சார்?"

"செவ்வாப்பேட்ட" என்றார் அப்பா, எங்கள் ஊர்ப் பெயரை.

சிரிப்பை அடக்க, கயிற்றைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். குனிந்த நேரத்தில்தான் ரஸ்க் பிளாஸ்டிக் புல்லில் காலைத் தூக்கினான். புல் என்று போட்டுவைத்தால் அவன் வேறென்ன செய்வான்.

சர்டிபிகேட் உள்ள ஜாதி நாய் மட்டும்தான் எடுப்பார்களாம். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அப்பா ஹைரோடு முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தார். "நாய்க்கும் டி.சி. கேக்கறானுங்கோ." சொன்ன பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு ஒன்றும் இல்லை. ரஸ்க் வெளிக்காற்றில் நாக்கைத் தொங்கவிட்டுச் சிரித்தபடி வந்தான்.

வழியெல்லாம் பள்ளிப் பிள்ளைகள். புதுப் பை, புது ஷூ.

புதன், ஜூன் 11

திருப்பாச்சூர். "ஒரு தடவ பாத்துட்டாவது வேணாம்னு சொல்லு" என்று அப்பா அழைத்துப்போனார்.

கோயில் கோபுரம் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுத மாட்டேன்.

சித்தி நல்லவள். மோர் கொடுத்தாள், ரஸ்க்குக்கும் ஒரு கிண்ணம். ஆனால் நாயையும் மாட்டையும் ஒரே மாதிரிதான் வைத்திருக்கிறாள். சோறு, தண்ணீர், கயிறு. வயலுக்கு நடுவில் மோட்டார் கொட்டாய். அங்கே ஒரு கறுப்பு நாய் கட்டிக் கிடக்கிறது. எங்களைப் பார்த்துக் குரைக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. ரஸ்க் பக்கத்தில் போய் முகர்ந்தான். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அதுக்கு வயசாயிட்ச்சி. இது வந்தா காட்டுப் பன்னிங்க வயலு கிட்டயே வராது. நல்லா பாத்துக்கறேன், நீ கவலப்படாத" என்றாள் சித்தி.

தலையாட்டினேன். இதுதான் என்னிடம் உள்ள கெட்ட பழக்கம். முடியாது என்பதற்கும் தலைதான் ஆடுகிறது. சித்தி நான் சரி சொல்லிவிட்டதாக நினைத்திருப்பாள்.

வியாழன், ஜூன் 12

சாயங்காலம் இடி, நாலு தூறல். ஐ.டி. கார்டுக்குப் போட்டோ எடுத்தேன். கண் மூடியிருக்கிறது. மறுபடி எடுக்க வேண்டும்.

வேப்பம்பட்டில் ஒரு அக்கா பார்த்துக்கொள்வதாக அம்மாவுக்கு மெஸ்ஸில் யாரோ சொன்னார்களாம். போனோம். பெயர் மெர்சி அக்கா. ஸ்டேஷனை ஒட்டின வீடு. பின்பக்க மதிலுக்கு அந்தப்புறம் பிளாட்பாரம். பெரிய மாமரம், கீழே தகர ஷெட், எல்லாம் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகிற நாய்கள். ஒரு கிழட்டு லேப்ரடார், ஒரு பொமரேனியன், பெயர் தெரியாத வகைகள் நிறைய. ஒன்றையும் கட்டிவைக்கவில்லை. அக்கா ப்ரீடு கேட்கவில்லை. "கடிக்குமா? கடிக்காதா? அவ்ளோதான் கேள்வி" என்றார்.

ரஸ்க் கழுத்தைச் சொறிந்துவிட்டார். ரஸ்க் அப்படியே மல்லாந்துவிட்டான், வெட்கமில்லாதவன்.

ஒரு கண்டிஷன். முதலில் வெள்ளி, சனி விட்டுப் பார்க்க வேண்டும். சாப்பிட்டால் எடுத்துக்கொள்வார். சாப்பிடாத நாயை எடுக்க மாட்டார். முன்பு ஒன்று ஏக்கத்தில் சாப்பிடாமல் கிடந்து மிகவும் முடியாமல் போய்விட்டதாம். "அத்த பாத்து நான் பட்டது போதும் கண்ணு."

ரஸ்க்காவது, சாப்பிடாமல் இருப்பதாவது. அப்பா செருப்பையே ஒரு முறை பாதி தின்றவன்.

சம்பளத்தில் ஒரு பங்கு இதற்குப் போகும். போகட்டும். காலையில் அப்பா வண்டியில் இருவரும் வேப்பம்பட்டு, அங்கிருந்தே எனக்குக் கம்பெனி பஸ். மனதுக்குள் எல்லாம் போட்டு முடித்துவிட்டேன்.

வெள்ளி, ஜூன் 13

ரஸ்க் சாப்பிடவில்லை.

காலையில் விட்டோம். சந்தோஷமாகத்தான் உள்ளே ஓடினான். மதியம் வீட்டில் மதிலில் சோறு வைத்தேன், காக்கா வந்தது, பழக்கத்தில் ரஸ்க் தட்டையும் எடுத்துவிட்டேன். திரும்ப வைத்தேன். எனக்கும் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் மெர்சி அக்கா முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பகலெல்லாம் நன்றாக விளையாடினானாம். தட்டு வைத்ததும் அதன் முன்னால் போய் உட்கார்ந்தானாம். கோழிக்கால் போட்ட சோறு. தொடவே இல்லையாம். கையில் எடுத்து ஊட்டினாலும் வாயை மூடிக்கொண்டானாம். வீட்டுக்கு வந்து ராத்திரிக்கு வைத்த பாலை ஒரே மூச்சில் குடித்தான்.

அப்பா அதட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. சித்திக்குப் போன் செய்து ஞாயிறு வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கறுப்பு நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது ஞாபகம் வந்தது.

நாளை நானும் அங்கேயே இருக்கப்போகிறேன். அக்காவிடம் கேட்க வாய் வர வேண்டும்.

சனி, ஜூன் 14

வரிசையாக எழுதுகிறேன்.

இருக்கலாமா என்று கேட்டேன். அக்கா ஸ்டூல் போட்டார். அவ்வளவுதான், அதற்கு ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறேன்.

மதியம் தட்டுகள் வந்தன. எல்லாம் ஒரே நிமிஷத்தில் காலி. ரஸ்க் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான், எச்சில் தரையில் சொட்டுகிறது, ஆனால் தட்டைப் பார்க்கவில்லை. மதிலைப் பார்க்கிறான். பிறகு என்னை. மறுபடி மதிலை.

அப்போதுதான் உறைத்தது. ஏக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. காக்காவுக்கு இன்னும் வைக்கவில்லையே.

அம்மா போட்ட சட்டம் அது. தாத்தா போனதிலிருந்து எங்கள் வீட்டில் மதியம் காக்கா தொடாமல் யாரும் தொடக்கூடாது. குட்டியிலிருந்து ரஸ்க்கும் அப்படியே. நான் கூப்பிட வேண்டும், காக்கா மதிலில் உட்கார வேண்டும், அப்புறம்தான் தட்டில் வாய். மெர்சி அக்கா சர்ச்சுக்குப் போகிறவர். அவருக்கு எப்படித் தெரியும்? தினம் செய்கிற எனக்கே தோன்றவில்லை.

ரஸ்க் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து மதிலில் வைத்தேன். இனி கூப்பிட வேண்டும். மதிலுக்கு அந்தப்புறம் பிளாட்பாரம் நிறைய ஜனம், காலேஜ் பசங்கள் வேறு. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வராமல் நின்றவள் நான். எங்கள் வீட்டுக் கொல்லையில் மட்டும்தான் தொண்டை திறக்கும்.

"கா" என்றேன். எனக்கே கேட்கவில்லை. ரஸ்க் காதைத் தூக்கி, இதுவா கூப்பிடுவது என்பதுபோல் பார்த்தான். சித்தி வீட்டுக் கயிறு கண்ணில் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் கூப்பிடுவதுபோலவே இழுத்துக் கத்தினேன். கா... கா... கா...

நாய்கள் எல்லாம் குரைத்தன. பிளாட்பாரத்தில் ஒருவன், "யார்ரா அது, எங்க ஆயா மாரியே கூவுது" என்றான். சிரித்தார்கள். சிரிக்கட்டும். மாமரத்திலிருந்து ஒன்று இறங்கியது. ஒரு பருக்கையை எடுத்தது. ரஸ்க் தட்டில் பாய்ந்தான். தட்டையும் சேர்த்துத் தின்றிருப்பான்.

மெர்சி அக்கா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர.

"நாங்க கண்ண மூடி ஜெபம் பண்ணுவோம், நீங்க காக்காவ கூப்புடுவீங்கோ. எல்லாம் சரி. நாயக்கூடவா பழக்குவீங்கோ?"

தினம் அவரே கூப்பிடுகிறாராம். கற்றுக்கொடுத்தேன். அவர் கூப்பிட்டால் இருமல் மாதிரி இருக்கிறது. "இன்னும் கொஞ்சம் இழுக்கணும்க்கா" என்றேன், மூக்கிலிருந்து வர வேண்டும் என்றேன், இன்னும் என்னென்னமோ சொன்னேன். அப்பா வந்து கேட்டுக்கு வெளியே நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். வண்டியில் ஏறியதும் சித்திக்குப் போன் செய்து, வரவில்லை என்றார்.

ஞாயிறு, ஜூன் 15

நாட்டுக்கோழி. ரஸ்க்குக்குக் குளியல், எனக்குத் தலைக்குளியல். போட்டோ மறுபடி எடுத்தேன், கண் திறந்திருக்கிறது. அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். தாத்தா கொடுத்துவைத்தவர் என்றாள்.

திங்கள், ஜூன் 16

முதல் நாள். இலேசான காற்று.

டேப் சுற்றுவது பார்க்கச் சுலபம். சுருக்கம் விழாமல் சுற்ற வேண்டும். என்னுடையது மலைப்பாம்பு மாதிரி வந்தது. லைன் லீடர் அக்கா பிரித்துத் திரும்பக் கொடுத்தார்.

மதியம் டப்பாவைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கடம்பத்தூர் பெண், பெயர் சங்கீதா. "இன்னா, சாப்டலியா?" காக்காவுக்கு வைக்கணும் என்று வாயிலிருந்து வந்துவிட்டது. சிரிப்பாள் என்று பார்த்தால், "சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால வெப்பாங்க, வா" என்று எழுந்துவிட்டாள். அங்கே ஏற்கெனவே நாலைந்து பேர் வைத்த சோறு.

சாயங்காலம் ரஸ்க்கைக் கூப்பிடப் போனேன். மெர்சி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டிலேயே நிற்கிறார்.

"உன் நாயால எனக்கு ஒரே பேஜாரு. இத்த பாத்துட்டு அந்தக் கெழமும் தட்டுல வாய் வெக்காம ஒக்காந்துகினு கீது. அத்த பாத்து அந்தப் பொமரேனியனும். இன்னிக்குனு பாத்து காக்கா லேட்டு. தொண்ட போச்சு எனக்கு."

"ரஸ்க் சாப்டானாக்கா?"

"துன்னுட்டு இன்னொரு தபா வேற கேக்குது."

வண்டியில் ஏறியதும் தூங்கிவிட்டான். விரலெல்லாம் வலி. நாளைக்கு அக்காவுக்குப் பனங்கற்கண்டு வாங்கிப் போக வேண்டும். மழை வருகிற மாதிரி இருக்கிறது, கொடியில் துணி கிடக்கிறது, எடுக்கப் போகிறேன்.