துந்திராவில் துணி காயுமா?

என் கூடப் பிறந்த தங்கமே, மாரியப்பா,

நீ போன பிறகு வரும் முதல் மழைக்காலம் இது. மூன்று நாளாக வெயில் எட்டிப் பார்க்கவில்லை. மட்டாஞ்சேரியில் பாதி வீட்டுத் துணி நாம் வெளுக்கும் தோபிக்கானாவில் ஈரத்தோடு கிடக்கிறது. உன் மச்சான் வானத்தைப் பார்த்துவிட்டு, "இது மழக்காடு பயோம்டீ, மாரியப்பன் சொன்னது செரிதான்" என்கிறார். நீ உயிரோடு இருந்தபோது உன் பேச்சு எதையாவது அந்த மனுஷன் ஒத்துக்கொண்டாரா?

துவைக்கிற கல்லை விட்டு ஓட உனக்கு இருபத்தாறு வயதில் ஆசை வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸானால் களமசேரியில் அட்டெண்டர் வேலை கிடைக்கும் என்றார்கள். இரண்டு தடவை எழுதினாய். இரண்டு தடவையும் சயின்ஸ் காலை வாரியது. மூன்றாம் தடவை புத்தகத்தோடு என் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. நீ வாசித்துத் தமிழில் சொல்வாய், நான் குறுக்குக் கேள்வி கேட்பேன்.

"ஒரு எடத்துல ஒண்ணை ஒண்ணு நம்பிப் பிழைக்கிறது எல்லாம் சேந்தா சூழல் மண்டலம்க்கா."

"அது நம்ம தோபிக்கானாதானடா?"

புல் உற்பத்தியாளர், புல்லைத் தின்னும் ஆடு முதல்நிலை நுகர்வோர் என்றாய். அத்தோடு நிறுத்தினாயா? ஆட்டுக்கறியைத் தின்னும் உன் மச்சான் இரண்டாம்நிலை நுகர்வோர் என்று அவர் காதுபடவே சொன்னாய். சண்டைக்கு வந்தவரிடம், "மச்சான், அது ஆட்டுக்கு மேல உள்ள பதவி" என்றாய். ஒரு வாரம் அதைத் தோபிக்கானா முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பூமியைப் பாலைவனம், மழைக்காடு என்று வகை பிரிக்கும் பயோம் பாடம்தான் உன் மண்டையில் ஏறவே இல்லை. பாலைவனத்தையும் துந்திராவையும் மாற்றி மாற்றிச் சொன்னாய். நான்தான், "பேரை விடு. அங்க துணி காயுமா, அதச் சொல்லு" என்றேன்.

அதற்கப்புறம் நமக்குச் சிரித்து மாளவில்லை. பாலைவனத்தில் உதறுவதற்குள் காய்ந்துவிடும். ஆனால் துவைக்கத் தண்ணீர்? மழைக்காட்டில் காயவே காயாது, கயிற்றிலேயே காளான் முளைக்கும். புல்வெளியில் வெயிலும் உண்டு, அளவாக மழையும் உண்டு. மேய்கிற மாடு சேலையை விட்டுவைக்க வேண்டும். பனி உறைந்து கிடக்கும் துந்திராவில் கஞ்சியே வேண்டாம், துணி தானாக விறைத்து நிற்கும்.

பரீட்சை முடிந்து ஓடி வந்தாய். "அக்கா, பயோம் கேட்டாங்க. நீ சொன்னத அப்படியே எழுதிட்டேன். கஞ்சியக்கூட விடல."

"நல்லா எழுதின" என்றேன்.

மாரியப்பா, பதினைந்து வருஷமாகச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நீ தோற்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன். ஈரப் போர்வையின் ஒரு முனையை நானும் மறுமுனையை நீயும் பிடித்து முறுக்கித்தானே பிழிவோம். நீ களமசேரி போய்விட்டால் மறுமுனையைப் பிடிக்க எனக்கு யார் இருக்கிறார்கள்? இந்தக் கோமாளித்தனத்தை எந்த வாத்தியார் படித்தாலும் முட்டை போடுவார், தம்பி என்னோடேயே கிடப்பான் என்று கணக்குப் போட்டேன்.

நீ பாஸாகிவிட்டாய். மழை எவ்வளவு, வெயில் எவ்வளவு என்பதைத் தவிர அந்தப் பாடத்தில் வேறொன்றும் இல்லையாமே. அது எனக்கு எப்படித் தெரியும்? நீ என் காலில் விழுந்து, "எல்லாம் உன்னாலதான்க்கா" என்றபோது திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். நீ களமசேரி பஸ் ஏறிய அன்று அழுதேன். பாசம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாசம்தான், ஆனால் அது மட்டும் இல்லை. என்னை மன்னிப்பாயா?

உன் மகள் செல்வி இப்போது என்னிடம்தான் இருக்கிறாள். போர்வை பிழிய நல்ல கை. அவள் பிளஸ் டூ பாஸாகிவிட்டாள், கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கப் போகிறேன் என்கிறாள். நேற்று என்னிடம், "அத்தை, நான் போனா உங்களுக்குக் கஷ்டம்தானே?" என்றாள்.

ஒரு கஷ்டமும் இல்லை என்று பொய் சொல்லிவிட்டேன். இந்த முறை மனசாரச் சொன்ன பொய். அடுத்த திங்கட்கிழமை நானே கூடப் போய் அவளைச் சேர்த்துவிட்டு, தனியாகத் திரும்பி வருவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னை விட மனசில்லாமலே பாஸ் பண்ணவைத்த,
உன் அக்கா பேச்சியம்மா